நோவுதாங்கி

மெட்டி கடித்தது. முப்பிடாதி சென்னைக்காரியைத் திட்டினாள்.

"எட்டு மாசம் ஆச்சு. இன்னும் இறுக்கமான செருப்பப் போட்டுக்கிட்டு அலையுதா பாரு. காலு என்னத்துக்கு ஆவும்?"

தறிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவன் கொம்பையா சட்டைப் பொத்தானைப் போட்டபடி சிரித்தான். "நீ இங்க கெடந்து வையுதது அவளுக்குக் கேக்கவா போவுது?"

"கேக்காதுல்லா. அதான் தைரியமா வையுதேன்."

அவளுடைய பிடரியில் ஒரு பட்டை ஒட்டியிருந்தது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும், தோல் நிறம். எங்கோ சென்னையில் ஒரு கர்ப்பிணியின் பிடரியிலும் அதேபோல ஒன்று. அவளுக்குத் தலை வலித்தால் இவளுக்கும் வலிக்கும். அவளுக்கு விலாவில் குத்தினால் இவளுக்கும் குத்தும், கொஞ்சம் மட்டாக. இவள் அதைத் தினமும் கைப்பேசியில் சொல்லிப் பதிவுசெய்து மையத்துக்கு அனுப்ப வேண்டும். மணிக்கட்டில் கட்டிய சின்ன விளக்கு பச்சையாக எரிந்தால் அந்தப் பெண் இணைப்பில் இருக்கிறாள் என்று அர்த்தம். காகிதத்தில் இந்த வேலைக்கு 'உணர்துணை' என்று பெயர். ஊரில் நோவுதாங்கி என்றார்கள்.

வேலைக்கு எடுத்தபோது முப்பிடாதி கேட்டாள். "மிஷினே அளந்து சொல்லிராதா சிஸ்டர்? அதுக்கு மனுசி எதுக்கு?"

கிராமச் சுகாதாரச் செவிலி ஜெபராணி சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவள். "மிஷின் கத்தும். கத்துனா அணைச்சிட்டுப் படுத்துருதாளுவ. தலை வலிச்சா தைலம் தேச்சுக்கிடுதா, காலு வீங்குனா தலவாணிய வெச்சிக்கிடுதா. 'பிள்ளையின்னா அப்படித்தான'ன்னு ஒரு பேச்சு. டவுன்ல சர்க்கரையும் பிரஷரும், நம்ம பக்கம் உடம்புல ரத்தமே இல்ல. ரெண்டு எடத்துலயும் சாவுறவ சொல்லாமத்தான் சாவுதா."

"அப்ப அவ புருசனுக்கு ஒட்டலாம்லா?"

"ஒட்டிப் பாத்தாவ. ரெண்டே நாள்ல பிச்சு எறிஞ்சிட்டானுவ. பெத்த அம்மைக்கு ஒட்டிப் பாத்தாவ, அது அதவிட மோசம். 'எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, ஒண்ணுஞ்செய்யாது'ன்னு அவளே மூடி வெச்சிட்டா. அசலாளுன்னாத்தான் வலியக் கண்டா வாயத் தெறக்கும்."

"நம்ம ஊரு பிள்ளத்தாய்ச்சிக்கு எந்த அசலாளு தாங்குவா?"

ஜெபராணி காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். கிராமத்தில் நோவு தாங்க ஆள் கிடைத்தார்கள். நகரத்தில் பெயர் கொடுக்கிறவர்கள் குறைவு. காத்திருக்கும் கிராமத்துப் பெண்கள் காத்துக்கொண்டே பெற்றார்கள், அல்லது காத்துக்கொண்டே போனார்கள்.

"இன்னொண்ணு," என்றாள் ஜெபராணி. "வயித்துல ஒண்ணு தங்குனா அன்னைக்கே வந்து சொல்லிரணும். ரெண்டு நோவும் ஒரே உடம்புல கலந்துரும். அப்புறம் எது யாருதுன்னு சாமிக்கும் தெரியாது."

சரி என்று தலையாட்டினாள். தலையாட்டும்போதே நாள் தள்ளிப்போயிருந்தது. அது அவளுக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகு சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. முதல் பிள்ளை ஐந்தாம் மாதம் போயிற்று. இரண்டாவது, வளைகாப்புக்கு மறுநாள். கைநிறையக் கண்ணாடி வளையலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊசி போட இடமில்லை என்று ஒரு செவிலி கத்திரியால் ஒவ்வொன்றாக நொறுக்கி எடுத்தாள். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொம்பையாவிடம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: கண்ணு. யார் கண்ணென்று தெரியாததால் எல்லார் கண்ணுமாகிப்போனது. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை பிள்ளை அழுத பிறகுதான் ஊருக்குத் தெரிய வேண்டும். ஆகவே ஜெபராணியிடமும் சொல்லவில்லை. பட்டையைத் திருப்பிக் கொடுத்தால் எதற்கென்று கேட்பார்கள், அதனால் அதையும் கழற்றவில்லை. தொளதொள நைட்டியும் மேலே துண்டுமாகத் திரிந்தாள். "உக்காந்து சம்பளம் வாங்குதால்லா, சதை போட்டிருக்கா" என்றார்கள் தெருக்காரிகள். அது அவளுக்கு வசதியாக இருந்தது.

இப்போது ஆறு முடிந்து ஏழு. வயிற்றில் இரண்டு பேர் உதைத்தார்கள். சென்னைக்காரியின் பிள்ளை உதைப்பது பக்கத்து வீட்டில் அம்மி நகர்த்துகிற மாதிரி, சுவர் தாண்டி வரும். தன்னுடையது உள்ளங்கையில் கோழிக்குஞ்சு திமிறுகிற மாதிரி. இது அது, அது இது என்று கொம்பையாவின் கையை எடுத்து வைத்துக் காட்டுவாள். அவனுக்கு ஒன்றுதான் தெரியும். ஆனாலும் இரண்டுக்கும் தலையாட்டுவான்.

உதையைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவளுக்குத் தலைவலியைப் பிரிக்கத் தெரியவில்லை. வயிற்றில் இரண்டு பிள்ளை கொள்ளும். தலை ஒன்றுதானே.

சென்னைக்காரியின் பெயர் அவளுக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்பது விதி. சென்னை என்பதும் ஜெபராணி வாய்தவறி விட்டதுதான். ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. தினமும் காலையில், இவள் காப்பி ஆற்றுகிற நேரத்துக்கு, இடது கைப் பெருவிரலில் நகம் பதிகிற மாதிரி ஒரு சுருக். ஒரே ஒரு தடவை. முதல் வாரம் அதையும் பதிவில் சொன்னாள். மையத்திலிருந்து பதில் வந்தது: "அந்தம்மாகிட்ட கேட்டோம். அது நோவு இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க."

முப்பிடாதி கொஞ்ச நேரம் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அதைப் பதிவில் சொல்வதில்லை. பட்டை ஒருவழிப் பாதை. இவளால் பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியாது. காப்பி டம்ளரை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டுவாள், யாருமில்லாத அடுப்படியில்.

தலைவலி வந்தபோது முறையாகப் பதிந்தாள். முன்நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் மேலே, இறுக்கிக் கட்டின மாதிரி. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள் கண்ணுக்கு முன்னால் வெள்ளைப் பூச்சி பறந்தது.

ஜெபராணி போனில் கூப்பிட்டாள். "அந்தப் பிள்ள தலையே வலிக்கலங்கா. சத்தியம் பண்ணுதா."

"வலிக்கி சிஸ்டர். நல்லா வலிக்கி."

"தெரியும். மறைக்கா. இவளுவள நம்பமாட்டோம், உன்னத்தான் நம்புவோம். இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேக்கச் சொல்லியாச்சு."

முப்பிடாதிக்குப் பெருமையாக இருந்தது. வாழ்க்கையில் அவள் பேச்சை நம்பி ஒரு காரியம் நடப்பது இதுதான் முதல் தடவை.

மறுநாள் முற்பகல் ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினாள். ஊருக்குள் நுழைகிற திருப்பத்தில் சுமைதாங்கிக் கல் நிற்கிறது. நட்டுக்குத்தலாக இரண்டு கல், மேலே படுக்கைவாட்டில் ஒன்று. கொம்பையாவின் பாட்டனோடு பிறந்தவள் ஒருத்தி, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே செத்துப்போனாள். இறக்காத சுமையோடு போனவளுக்காக வழிப்போக்கர்கள் சுமையிறக்கட்டும் என்று வைத்த கல். இப்போது தலைச்சுமை யாருக்கும் கிடையாது. பையன்கள் சாய்ந்து நின்று போன் பார்ப்பார்கள். முப்பிடாதி அரிசிப் பையை அதன்மேல் தள்ளிவிட்டு நெற்றியைக் கல்லில் வைத்தாள். கல் வெயிலேறி இருந்தது. தலை விண்விண்ணென்று தெறித்தது. வலது விலாவுக்குக் கீழே யாரோ முழங்கையால் அழுத்தினார்கள்.

"ஏ தாயி," என்று சென்னைக்காரியிடம் சொன்னாள். "எப்படித்தான் வாய மூடிக்கிட்டு இருக்கியோ."

மணிக்கட்டைப் பார்த்தாள். விளக்கு அணைந்திருந்தது.

தட்டிப் பார்த்தாள். எரியவில்லை. சரி, கழற்றியிருப்பார்கள், இனி வலி விட்டுவிடும் என்று காத்திருந்தாள். ஒரு ஆட்டு மந்தை கடந்து போயிற்று. வலி விடவில்லை. பையிலிருந்து போனை எடுத்தாள்.

"சிஸ்டர், விளக்கு அணைஞ்சு கெடக்கு."

"ஸ்கேன் எடுக்க மாட்டாவ பட்டையோட. கழட்டி வெச்சிருக்காவ. ரொம்ப நேரமாச்சே, நீ இப்பத்தான் பாக்கியா?" ஜெபராணியின் குரல் அவசரத்தில் இருந்தது. "மத்தியானமே ஆபரேஷன் பண்ணிப் பிள்ளைய எடுத்துரப் போறாவ. பிரஷர் சரியாத்தான் காட்டுது. ஆனாலும் நீ சொன்ன குறி அத்தனையும் ஃபிட்ஸ்ல கொண்டு விடுற குறி. காத்திருக்க டாக்டருக்குத் துணிச்சல் இல்ல."

"எட்டு மாசந்தான சிஸ்டர் ஆவுது."

"கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பாப்பாவ. பொழைச்சா பொழைக்கும். அவ அழுதுக்கிட்டே சொல்லுதாளாம், எனக்கு ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு. யாரு கேக்கா?"

போன் அடங்கியது. முப்பிடாதி கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குனிந்து காலைப் பார்த்தாள். வயிறு மறைத்தது. காலை முன்னால் நீட்டிப் பார்த்தாள். மெட்டி சதைக்குள் புதைந்து, விரல் கருத்துப்போயிருந்தது. சென்னையில் யாரும் இறுக்கமான செருப்பு போட்டிருக்கவில்லை.

அரிசியைக் கல்மேலேயே விட்டுவிட்டுத் தறிக்கூடத்துக்கு நடந்தாள்.

தறிக்கூடத்தில் காது கேட்காது. ஒரு கூரைக்குள் அத்தனை விசைத்தறியும் ஒன்றாக அடிக்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் உதட்டைப் பார்த்துப் பேசுவார்கள், அல்லது காதோடு வாய் வைத்துக் கத்துவார்கள். கொம்பையா அவளைக் கண்டதும் அறுந்த இழையை அப்படியே விட்டுவிட்டு வந்தான்.

"என்னட்டி இங்க வந்த?"

காதில் சொன்னாள். அவனுக்குப் பாதிதான் விளங்கியது. "அவளுக்குத் தல வலிச்சா நமக்கென்ன? அதான் சொல்லிட்டல்லா."

மறுபடி கத்தினாள். அவன் முகம் மாறியது. அவள் காதுக்கு வாயைக் கொண்டுவந்தான். "சொல்லாத. சொன்னா ஊரே வந்து நிக்கும். இன்னும் கொஞ்ச நாளுதான பிள்ள. பல்லக் கடிச்சுக்கிட்டு இரு." அவன் கை அவளது துண்டின் மேல், வயிறு இருக்கிற இடத்தில், மறைக்கிற மாதிரி நின்றது. போன பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கிய அதே கை. முப்பிடாதிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை.

"அங்க ஒருத்திய அறுக்கப் போறானுவ," என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். "அவ பிள்ள என்ன பாவம் செஞ்சுது? தலைவலி அவளுக்கு இல்ல, எனக்கு. எனக்குத்தான் காலு வீங்கியிருக்கு, என் வயித்துப் பிள்ளைக்கு ஏழு மாசம்—"

கரண்ட் போனது.

மொத்தத் தறியும் ஒரு மூச்சில் நின்றது. அவளது கடைசிச் சொல் கூரைத் தகரத்தில் பட்டு எல்லார் தலையிலும் விழுந்தது. அத்தனை முகங்களும் திரும்பின. ஒளித்து வைத்த ஏழு மாதத்தையும் இவ்வளவு கச்சிதமாக ஊருக்கு அறிவிக்கத் தண்டோராக்காரனாலும் முடியாது.

பாவு பிணைக்கிற பெரியவர் ஒருத்தர்தான் வாயைத் திறந்தார். "ஏலே கொம்பையா, மரம் மாதிரி நிக்கியே. பைக்க எடு."

கொம்பையா அழுதுகொண்டே சாவியைத் தேடினான். சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. முப்பிடாதி போனை எடுத்து ஜெபராணியிடம் சொன்னாள். மூன்றே வாக்கியம். மறுமுனையில் "கழுத," என்று ஒரு சொல். பிறகு போன் துண்டிக்கப்பட்டது, ஏனென்றால் ஜெபராணி சென்னைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கையில் பிரஷர் பட்டை சுற்றிக் காற்றடித்தார்கள். ஜெபராணி அளவைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, சோப்புநுரை தடவி அந்த மெட்டியைக் கழற்ற உட்கார்ந்தாள்.

"பட்டை நோவத்தான் தரும், வீக்கத்தத் தராதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?"

"செருப்புன்னு நெனச்சேன் சிஸ்டர்."

"எந்தச் செருப்பு?"

"அவ இறுக்கமான செருப்பு போட்டிருக்கான்னு."

ஜெபராணி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். சிரிக்கவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை. "ஊரு கண்ணு படும்னு என் கண்ணுல படாம திரிஞ்சியே. இந்த ஒரு கண்ணு பட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுட்டி." மெட்டி வந்தது. அதை வாங்கிக் கொம்பையா பையில் போட்டுக்கொண்டான்.

"அந்தம்மாவுக்கு?" என்றாள் முப்பிடாதி.

"மேசையில படுக்க வெச்சிட்டாவளாம். எறக்கிட்டாவ."

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நரம்பில் மருந்தை ஏற்றினார்கள். உடம்பெல்லாம் நெருப்பு ஓடியது. ஃபிட்ஸ் வராமலிருக்க என்றார்கள். பிள்ளையின் துடிப்பைத் தினமும் கேட்டார்கள். பிரஷர் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. வீட்டுக்கு அனுப்ப முடியாது, பிள்ளை இன்னும் கொஞ்சம் வளரட்டும், முடிகிற வரை தள்ளிப்போடுவோம், முடியாதபோது எடுப்போம் என்று பெரிய டாக்டர் சொன்னார். வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. முப்பிடாதிக்கு அது பிடித்திருந்தது. போன தடவை எல்லாரும் வாக்குக் கொடுத்தார்கள்.

பிடரிப் பட்டையையும் விளக்கையும் முதல் நாளே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வலி போன இடம் வெறிச்சென்று இருந்தது. காலையில் காப்பி வரும். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பெருவிரலைப் பார்த்தபடி இருப்பாள். ஒன்றும் வராது. அந்தம்மா தன்மேல் கோபமாக இருப்பாள் என்று நினைத்தாள். இருக்கத்தானே செய்யும். பிள்ளையை அறுக்கப் பார்த்தவள் யார் என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

தெருக்காரிகள் பஸ் ஏறிப் பார்க்க வந்தார்கள். முப்பிடாதி முதலில் போர்வையை இழுத்து வயிற்றை மூடினாள். அவர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, சதை போட்டிருக்கா என்று சொன்னதற்காக ஆளாளுக்கு அடுத்தவளைக் குற்றம் சொன்னார்கள். மூன்றாவது கூட்டம் வந்தபோது போர்வையை இழுக்க மறந்துபோனாள். உள்ளே கோழிக்குஞ்சு திமிறிக்கொண்டுதான் இருந்தது.

ஆறேழு வாரம் கழித்து ஜெபராணி ஒரு சின்ன டப்பாவோடு வந்தாள். உள்ளே பட்டை. இது வேறு நிறம், வலி கொடுக்கிறவள் ஒட்டுகிற பட்டை.

"உனக்கு ஆளு கெடச்சிருக்கு."

"எனக்கா? யாரு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது. டவுன் ஆளு. அவ்வளவுதான்."

"வேண்டாம் சிஸ்டர். நான் பட்டது போதும். என் நோவ இன்னொருத்தி எதுக்குச் சொமக்கணும்?"

"நீ சொமந்தல்லா?"

"அது வேலை."

"அவளும் வேலையாத்தான் வாரா. திரும்பு." பதிலுக்குக் காத்திராமல் பிடரியைத் துடைத்து ஒட்டினாள்.

அன்றைக்கு முழுக்க முப்பிடாதி திருடனைப் போல நடந்தாள். கட்டில் காலில் விரல் இடித்துவிடாமல் பார்த்துப் பார்த்துப் போனாள். ஊசி போடவந்த பெண்ணிடம், "மெல்ல போடும்மா, ரெண்டு பேருக்கு வலிக்கும்" என்றாள். அவள் பிள்ளையைச் சொல்கிறாள் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டது.

மறுநாள் காலை காப்பி வந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு இடது பெருவிரலில் வலது கை நகத்தை வைத்து அழுத்தினாள். ஒரே ஒரு தடவை.

யாரென்றே தெரியாதவளிடம் இதைச் செய்வது பைத்தியக்காரத்தனம். தெரிந்துதான் செய்தாள்.

மாலையில் ஜெபராணி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். போனைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "இதப் போட்டுக் காட்டக் கூடாது. மையத்துல தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிரும்."

"அப்ப போடாதிய."

"சும்மா கெட."

நோவுதாங்கிகளின் பதிவைக் குரல் மாற்றித்தான் வைப்பார்கள். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு தட்டையான குரல் பேசியது.

"தலைவலி இல்லை. கண்ணில் பூச்சி இல்லை. விலாவில் வலி இல்லை. இடது கையில் ஊசி போட்ட இடம் எரிகிறது, மருந்து ஏற்றும் இடத்தை மாற்றச் சொல்லுங்கள், அவர்களாக வாய்திறந்து கேட்க மாட்டார்கள். குழந்தை நன்றாக உதைக்கிறது, கோழிக்குஞ்சு மாதிரி. காலையில் இடது பெருவிரலில் நகம் பதிந்தது." கொஞ்சம் இடைவெளி. "அது நோவு இல்லை."

பதிவு முடியவில்லை. பேசியவள் நிறுத்த மறந்திருக்க வேண்டும். துணி உரசுகிற சத்தம். அதற்குப் பின்னால், குரல் மாற்றுகிற கருவி பேச்சாக மதிக்காமல் அப்படியே விட்டுவிட்ட ஒரு அழுகை. பத்து மாதமும் நிறைந்து பிறந்த பிள்ளையின் முரட்டு அழுகை, நெஞ்சு கொள்ளாத காற்றோடு. பிறகு பால் கிடைத்து அது அடங்குகிற சத்தம்.

ஜெபராணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணும் சொல்லல," என்றாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லல சிஸ்டர்."

இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். ஜெபராணி மறுபடி போட்டாள்.

மறுநாள் காலை காப்பி வந்ததும் முப்பிடாதி நகத்தைப் பெருவிரலில் வைத்தாள். இந்தத் தடவை அழுத்தவில்லை, பட்டும் படாமல் தொட்டு எடுத்தாள். அங்கே பால் கொடுக்கிறவள். அவள் கை நடுங்கிவிடக் கூடாது.